புகையிலை: தோட்டத்து லயத்திலிருந்து பள்ளிப்பை வரை



சில மாதங்களுக்கு முன்பு எம் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் பையிலிருந்து ஒரு பொருளைக் கட்டொழுங்கு ஆசிரியர் எடுத்து வந்து என் மேசைமேல் வைத்தார். பார்ப்பதற்கு எழுதுகோல் அழிப்பான் போல இருந்தது. இளஞ்சிவப்பு நிறம், முகர்ந்து பார்த்தால் மாம்பழ வாசம். அது 'வேப்' எனப்படும் மின்னியல் வெண்சுருட்டு என்று அவர் சொன்ன பிறகே எனக்கு விளங்கிற்று. மாணவனின் தந்தையை அழைத்தோம். அவர் பள்ளி வாயிலுக்கு வெளியே நின்று கையிலிருந்த வெண்சுருட்டைக் காலால் நசுக்கிவிட்டு உள்ளே வந்தார். "வேப்புதானே சார், சிகரெட் இல்லையே" என்றார். அவர் குறும்பாகச் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பிச் சொன்னார்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழியைத்தான் இங்கே எழுதுகிறேன். அஃது ஒரு வரியில் அடங்காது. நானூறு ஆண்டு வரலாற்றுக்குள் போய் வர வேண்டியிருக்கிறது.

புகையிலை நம் மண்ணின் பயிரன்று. சங்க இலக்கியத்தில் வெற்றிலை உண்டு, பாக்கு உண்டு, புகையிலை இல்லை. அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடியினர் பயன்படுத்திய அந்த இலையை 1492-இல் கொலம்பசின் பயணத்திற்குப் பிறகே ஐரோப்பியர் அறிந்தனர். போர்த்துகீசியர் அதனை இந்தியக் கடற்கரைக்குக் கொண்டுவந்தனர். பீஜப்பூரிலிருந்து திரும்பிய ஆசாத் பேக் என்னும் தூதர் அதனை அக்பரின் அவையில் காட்டியபோது, பழைய மருத்துவ நூல்களில் இல்லாத ஒன்றை எப்படி ஏற்பது என்று அரண்மனை மருத்துவர் தடுத்ததாக அவர் எழுதிய குறிப்பிலிருந்தே அறிகிறோம். அக்பருக்குப் பின் வந்த ஜஹாங்கீர் 1617-இல் புகைத்தலைத் தடை செய்தார். அதற்கு முன்பே, 1604-இல், இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர் புகையிலையைக் கண்டித்துத் தம் கைப்பட ஒரு நூலே எழுதினார். மன்னர்கள் தடுத்தும் இலை நிற்கவில்லை. வரி வருமானம் கிடைக்கத் தொடங்கியதும் மன்னர்களும் தடுப்பதை நிறுத்திக்கொண்டனர். இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இதே கதை நம் நாட்டில் மீண்டும் வரும்.

தமிழ்நாட்டில் புகையிலை எவ்வளவு விரைவாக வேரூன்றியது என்பதற்கு நம் இலக்கியமே சான்று. சீனிச்சர்க்கரைப் புலவர் என்பவர் பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்பிப் 'புகையிலை விடு தூது' என்று ஒரு சிற்றிலக்கியமே பாடிவிட்டார். உ.வே.சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தார். கிளியையும் மேகத்தையும் தூதுவிட்ட மரபில் புகையிலையும் ஏறி அமர்ந்துகொண்டது! தமிழாசிரியன் என்ற முறையில் அந்நூலின் நயத்தை நான் மறுக்கமாட்டேன். ஆயினும் அது வகுப்பறைக்கு ஏற்ற நூலா என்று யாரேனும் கேட்டால் சற்றுத் தயங்குவேன்.

யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. திண்டுக்கல்லும் திருச்சிராப்பள்ளியும் சுருட்டுக்குப் பெயர் பெற்றன. ஆர்தர் கோனன் டாயில் 1887-இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலைகாரன் விட்டுச்சென்ற சாம்பலைக் கொண்டு அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். அந்த அளவுக்கு உலகப் புகழ்!

இந்தப் பழக்கத்தோடுதான் நம் முன்னோர் மலாயாவுக்குக் கப்பலேறினர். இன்று ஷா ஆலம் என்று நாம் வழங்கும் இந்நகரம் 1978-இல் சிலாங்கூரின் தலைநகரானது. 2000-ஆம் ஆண்டு மாநகரத் தகுதி பெற்றது. அதற்கு முன்பு இவ்வட்டாரம் சுங்கை ரெங்காம் என்ற பெயரில் ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்டப்புறம். என் பாட்டி முசிறிப் பக்கத்திலிருந்து வந்தவர்; கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டினார். விடியலுக்கு முன்னே பிரட்டுக்குப் போக வேண்டும். பிற்பகலில் பாலை நிறுத்துக் கொடுத்த பிறகுதான் சோறு. இடையில் பசியை அடக்குவதற்கு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. அவற்றோடு ஒரு துண்டுப் புகையிலை. அதனை மென்று இடக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். பேசும்போதும் அஃது அங்கேயே இருக்கும். தாத்தாவுக்குச் சுருட்டும் பீடியும். அவை கிடைக்காத நாளில் மலாய்க்காரர் கடையில் விற்கும் நிப்பா ஓலை ரோக்கோ.

பாட்டிக்கு இடக் கன்னத்தில் முதலில் வெள்ளைத் திட்டு ஒன்று தோன்றியது. பிறகு புண். பிறகு வாயைத் திறக்க முடியவில்லை. கஞ்சியைத் துணியில் நனைத்து நாவில் பிழிந்த என் அத்தை இன்றும் அதைச் சொல்ல விரும்புவதில்லை. "சூடு, பல் குத்திய புண், செய்வினை" என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கன்னத்தில் வைத்திருந்த பொருள்தான் காரணம் என்று எவரும் சொல்லவில்லை.

ஆனால் அதைச் சொன்னவர்கள் வெகு முன்பே இருந்தார்கள் என்பதை நான் ஆசிரியரான பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். சென்னையில் பணியாற்றிய நிப்லாக் என்ற மருத்துவர் 1902-லேயே வாய்ப்புற்றுக்கும் புகையிலை சேர்ந்த தாம்பூலத்துக்கும் உள்ள தொடர்பை எழுதினார். அதன்பின் தெற்குத் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் என்ற சிற்றூரின் மிஷன் மருத்துவமனையில் ஐ.எம்.ஓர் என்பவர் வாய்ப்புற்று நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 1933-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டார். அதே நெய்யூரில் பணியாற்றியவர்தான் 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் மலையேறச் சென்ற ஹோவர்ட் சாமர்வெல். புகையிலையைக் கன்னத்தின் எந்த இடத்தில் ஒதுக்குகிறார்களோ, அந்த இடத்திலேயே புற்று எழுகிறது என்பது அங்கு வந்த நோயாளிகளிடம் கண்கூடாகத் தெரிந்தது. புகையிலையும் புற்றும் பற்றிய உலக அறிவின் தொடக்கப் பக்கங்களில் இலண்டனோடு நெய்யூரும் இருக்கிறது. நோயாளிகள் நம் மக்கள் என்பதுதான் வேதனை.

நெய்யூரில் 1933-இல் தெரிந்தது, கிள்ளான் தோட்டத்து லயத்துக்கு என் பாட்டியின் காலம்வரை வந்து சேரவில்லை. மலேசியப் புற்றுநோய்ப் பதிவேடுகளில் வாய்ப்புற்று மற்ற இனத்தாரைவிட இந்தியரிடையே, அதிலும் இந்தியப் பெண்களிடையே மிகுந்து காணப்படுவதாக இன்றும் பதிவாகிறது. தோட்டங்கள் மறைந்து அடுக்குமாடிகள் வந்துவிட்ட பிறகும் நிலை இதுதான்.

இனி வெண்சுருட்டுக்கு வருவோம். 1880களில் ஜேம்ஸ் பான்சாக் என்ற அமெரிக்க இளைஞர் வெண்சுருட்டு சுற்றும் இயந்திரத்தை உருவாக்கினார். கையால் சுற்றுபவர் ஒரு நாளில் சில ஆயிரம் சுற்றினால், இயந்திரம் ஒரு இலட்சத்துக்கும் மேல் சுற்றித் தள்ளியது. விலை சரிந்தது. இன்னொரு மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. சுருட்டின் புகை காரத்தன்மை உடையது, தொண்டையை அறுக்கும், ஆகவே வாயோடு நிறுத்திக்கொள்வார்கள். வெண்சுருட்டில் இடப்படும் வர்ஜீனியா வகைப் புகையிலையின் புகை மென்மையானது. அதனை நெஞ்சாழத்துக்கு இழுக்கலாம். இழுத்தார்கள். அதுவரை அரிய நோயாக இருந்த நுரையீரல் புற்று, இருபதாம் நூற்றாண்டில் பெருநோயாயிற்று.

காரணம் தெரியாமல் மருத்துவர்கள் குழம்பினர். இலண்டனில் ரிச்சர்டு டோல், பிராட்ஃபோர்டு ஹில் என்ற இருவர் மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்று நோயாளிகளிடம் வினாத்தாளோடு ஆராய்ந்தனர். சாலைக்குப் போடும் தாரோ மகிழுந்துப் புகையோதான் காரணமாக இருக்கும் என்பதே டோலின் முதல் ஐயம். 1950-இல் முடிவு வெளிவந்தது. நுரையீரல் புற்று கண்ட 649 ஆடவரில் புகைக்காதவர் இருவர் மட்டுமே! ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே டோல் தாமும் புகைப்பதை விட்டுவிட்டார். அடுத்த ஆண்டு, 1951-இல், பிரிட்டிஷ் மருத்துவர்களுக்கே மடல் எழுதி அவர்களின் பழக்கத்தைக் கேட்டறிந்து, ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். 2004-இல் வெளிவந்த இறுதிக் கணக்கின்படி, வாழ்நாள் முழுதும் புகைத்தவர் புகைக்காதவரைவிடச் சராசரியாகப் பத்தாண்டு முன்னதாக இறந்தார். முப்பது வயதில் விட்டவர் ஏறத்தாழ அந்தப் பத்தாண்டையும் மீட்டுக்கொண்டார், நாற்பதில் விட்டவர் ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில்கூட மூன்று. இந்த எண்களைப் பெற்றோர் கூட்டங்களில் நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதுண்டு. புகைக்கும் தந்தையர் தம் வயதை அதில் தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வணிகர்கள் சும்மா இருந்தார்களா? 1954 சனவரியில் அமெரிக்கப் புகையிலை நிறுவனங்கள் நானூறுக்கும் மேற்பட்ட நாளேடுகளில் ஒரே நாளில் ஓர் அறிக்கை வெளியிட்டன. தம் பொருளால் தீங்கு என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்றும், மக்கள் நலமே தமக்கு முதன்மை என்றும் அதில் கூறின. உள்ளுக்குள் அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பது 1990களில் நீதிமன்றங்கள் வழியாக அவர்களின் ஆவணங்கள் வெளிவந்தபோது உலகறிந்தது.

நம் நாட்டு நிலையைப் பாருங்கள். 1960களிலிருந்து பெட்டாலிங் ஜெயா ஜாலான் யுனிவர்சிட்டியில் ஒரு பெரும் வெண்சுருட்டுத் தொழிற்சாலை இயங்கியது. அதே சாலையின் வட்டாரத்தில்தான் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையும் உள்ளது. ஒன்றில் உற்பத்தி, மற்றொன்றில் சிகிச்சை! கிளந்தானில் உழவர்களைப் புகையிலை பயிரிட ஊக்குவிக்க 1973-இல் அரசு ஒரு வாரியமே அமைத்தது. 1990களில் நம் நாட்டுக் கால்பந்துக் குழுவாட்டமே ஒரு வெண்சுருட்டு வணிகப் பெயரைத் தாங்கி நடந்தது. தொலைக்காட்சியில் வெண்சுருட்டை நேரடியாக விளம்பரம் செய்யத் தடை வந்த பிறகும், அதே பெயரில் பயணம், இசைக்கச்சேரி, ஆடை என்று மறைமுக விளம்பரங்கள் வந்தன. ஷா ஆலம் அரங்கில் பந்தாட்டம் பார்க்கப் போன என் தலைமுறை மாணவர்களுக்கு அந்தச் செந்நிறப் பலகைகள் வீரத்தின் அடையாளம். திரையிலோ, ரஜினிகாந்த் வெண்சுருட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடிப்பதைப் பார்த்து, சுண்ணாம்புக் கட்டியைத் தூக்கிப் போட்டுப் பயின்றவர்கள் நாங்கள். (சுண்ணாம்புக் கட்டி உடைந்ததற்கு வாங்கிய பிரம்படி தனிக்கதை.) 2002-இல் 'பாபா' படம் வந்தபோது அக்காட்சிகளை மருத்துவர் இராமதாசு எதிர்த்ததும், பின்னர் நடுவண் அமைச்சரான அன்புமணி 2008 அக்டோபர் 2 முதல் இந்தியாவில் பொது இடங்களில் புகைத்தலைத் தடை செய்ததும் பலர் அறிந்தவையே.

இங்கு எதிர்க்குரலே எழவில்லை என்று சொல்லக்கூடாது. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் அதன் தலைவர் எஸ்.எம்.முகமது இட்ரிசும் பல்லாண்டுகள் புகையிலைக்கு எதிராகப் போராடினர். தமிழ்நாட்டில் பிறந்த அப்பெரியவர் 2019-இல் மறைந்தார். அவர்கள் தமிழில் வெளியிட்ட 'பயனீட்டாளர் குரல்' இதழ்தான் என் தந்தையின் கையில் முதன்முதலாகக் கருத்த நுரையீரலின் படத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. படத்தைப் பார்த்தார். இதழை மடித்து வைத்தார். வெளியே போய் ஒன்றைப் பற்றவைத்தார்.

என் தந்தை சரக்குந்து ஓட்டுநர். கிள்ளான் துறைமுகத்துக்கும் ஷா ஆலம் தொழிற்பேட்டைக்கும் இடையே முப்பது ஆண்டுகள் ஓட்டினார். நாளுக்கு ஒரு பெட்டி, இரவு ஓட்டமென்றால் இரண்டு. அவர் உடலில் நடந்ததை மருத்துவர் எனக்கு விளக்கியவாறே எழுதுகிறேன். நுரையீரலுக்குச் செல்லும் குழாய்களின் உட்புறத்தில் நுண்ணிய மயிரிழைகள் உள்ளன. அவை ஓயாமல் அசைந்து தூசியையும் சளியையும் மேலே தள்ளும். புகை முதலில் அவற்றை முடக்குகிறது. தள்ள ஆளில்லாத சளி தேங்குகிறது. புகைப்பவரின் விடியற்கால இருமல் அதுதான். குழாய்களின் முடிவில் கோடிக்கணக்கான காற்றுப்பைகள் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் புகை பட்டு அவற்றின் மெல்லிய சுவர்கள் அழிந்து, பல சிறு பைகள் ஒரு பெரும் ஓட்டைப் பையாகின்றன. மூச்சை உள்ளே இழுக்கலாம். வெளியே விட முடியாது. அழிந்த பை மீண்டும் வளர்வதில்லை.

புகையில் ஏழாயிரம் வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ எழுபது புற்றை உண்டாக்குபவை. கரிம ஓருயிரகம் எனப்படும் நச்சுக்காற்று, உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றோடு குருதியின் சிவப்பணுவில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே இதயம் கூடுதலாக உழைக்கிறது. நாளங்களின் உட்சுவர் கெட்டுக் கொழுப்பு படிகிறது. கால் விரல்களின் சிறு நாளங்கள் அடைபட்டு விரல் கறுத்து அழுகும் நோயொன்றும் உண்டு. பீடி புகைக்கும் ஆடவரிடையே அது நெடுங்காலமாக அறியப்பட்டது. மலேசியாவில் நீரிழிவு மிகுதியாக உள்ளவர்கள் நம் இனத்தவர். புகைப்பவருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பே முப்பது முதல் நாற்பது விழுக்காடு கூடுதல்; வந்த பிறகும் புகைத்தால் கால் போகும். எம் பள்ளிப் பெற்றோருள் ஒரு காலை இழந்தவர் இருவர் இருக்கின்றனர்.

இத்தனைக்கும் மனிதனைக் கட்டிப்போடுவது நிக்கோட்டின் ஒன்றே. இழுத்த சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. சிறு இன்பம் தருகிறது. அது தணிந்ததும் அடுத்ததைக் கேட்கிறது. வளரும் மூளையில் இக்கட்டு இன்னும் இறுகும். மாம்பழ மணமுள்ள அந்த இளஞ்சிவப்புப் பொருளில் புகையிலையின் தார் இல்லை என்பது உண்மை. வெண்சுருட்டைவிட அதில் நச்சுப்பொருள் குறைவு என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டிப்போடும் அந்தக் கயிறு அப்படியே இருக்கிறது. நாற்பது வயதுப் புகைப்பாளர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது வேறு. எதையுமே தொட்டிராத பன்னிரண்டு வயதுச் சிறுவன் தொடங்குவது வேறு. அந்தத் தந்தைக்கு இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும்.

நம் நாட்டில் பதின்ம வயதினரிடையே எடுத்த தேசிய ஆய்வில், 2017-இல் 13.8 விழுக்காடாக இருந்த வெண்சுருட்டுப் பழக்கம் 2022-இல் 6.2 விழுக்காடாகக் குறைந்தது. மகிழலாமே என்றால், அதே காலத்தில் மின்னியல் வெண்சுருட்டு 9.8-இலிருந்து 14.9 விழுக்காடாக ஏறியது.

சட்டத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2004-இல் 'தாக் நாக்' இயக்கம் வந்தது. 2005-இல் உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை மலேசியா ஏற்புறுதி செய்தது. 2009-இல் பெட்டிகளில் அழுகிய காலும் புற்று கண்ட வாயும் படமாக அச்சாயின. 2017-இல் பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. 2019 சனவரி முதல் நாள் தொட்டு உணவகங்களில் புகைக்கத் தடை. ஒட்டுக்கடையில் பிள்ளைகளோடு அமர்ந்து ரொட்டி சானாய் உண்ணும்போது அந்த மாற்றத்தின் அருமை தெரிகிறது.

2022 சூலையில் அன்றைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் ஒரு சட்ட வரைவைக் கொண்டுவந்தார். 2007-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள்களையும் மின்னியல் வெண்சுருட்டையும் வாழ்நாள் முழுதும் விற்கக்கூடாது என்பது அதன் சாரம். எம் பள்ளியில் இன்று பயிலும் ஒவ்வொரு பிள்ளையும் அந்த நாளுக்குப் பின் பிறந்ததே! அந்த வரைவு நிறைவேறவில்லை. ஆட்சி மாறியது. 2023 மார்ச்சு 31-இல் மின்னியல் வெண்சுருட்டுக்கான நிக்கோட்டின் நீர்மம் நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மறுநாளே அதன்மீது மில்லிலீட்டருக்கு 40 சென் வரி நடைமுறைக்கு வந்தது. வரிக்காக விலகி நின்ற பழைய மன்னர்களை முன்னே குறிப்பிட்டேன் அல்லவா? புதிய சட்டம் 2023 நவம்பர் 30-இல் மக்களவையில் நிறைவேறியபோது, சமத்துவ உரிமைக்கு முரணாகலாம் என்ற சட்டக் கருத்தின்பேரில் அந்தத் தலைமுறைத் தடை நீக்கப்பட்டிருந்தது. அந்தச் சட்டமும் 2024 அக்டோபர் முதல் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட பதினெட்டு மாதங்கள் பிள்ளைகளுக்கு நிக்கோட்டின் நீர்மம் விற்பதைத் தடுக்க நாடு தழுவிய சட்டமே இல்லை. இன்று பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு விற்பது குற்றம். ஆனால் அந்தப் பதினெட்டு மாதங்களில் பழகியவர்கள் பழகிவிட்டார்கள்.

நியூசிலாந்தும் இத்தகைய சட்டத்தை 2022-இல் இயற்றி 2024-இல் நீக்கிவிட்டது. மாலத்தீவு மட்டும் 2025 நவம்பர் முதல் நாள் அதனை நடைமுறைப்படுத்தியது. அவர்கள் வரைந்த கோடும் 2007 சனவரி முதல் நாளே. நாம் வரைந்து அழித்த கோட்டை ஒரு சின்னஞ்சிறு தீவு நாடு எடுத்துக்கொண்டது.

என் தந்தை அறுபத்திரண்டாம் வயதில் புகைப்பதை விட்டார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். வீட்டிலிருந்து தாமானின் கோயிலுக்கு இருநூறு அடி இருக்கும். நடுவில் மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்குவார். அந்த மூன்று இடங்களையும் எனக்குத் தெரியும்.

அந்த மாணவனின் தந்தை சென்ற வாரம் பள்ளிக்கு வந்தார். வகுப்பாசிரியரைப் பார்க்க வந்தவர் என்னிடமும் வந்து நின்றார். அரசு மருந்தகத்தில் புகைப்பழக்கத்தை விடும் பிரிவில் தாமும் மகனும் ஒன்றாகப் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னார். மகன் ஐந்து வாரமாகத் தொடவில்லையாம். "நான்தான் சார், ரெண்டு தடவை வழுக்கிட்டேன்" என்றார். அடுத்த தவணை வெள்ளிக்கிழமை. அன்று பள்ளி முடிந்ததும் மகனை அரைமணி நேரம் நூலகத்தில் இருத்திவைக்க முடியுமா, வேலையிடத்திலிருந்து வரத் தாமதமாகும் என்று கேட்டார். சரி என்றேன்.